கோபெபொட்: அடையாளம் காண்பதும் வளர்த்தெடுப்பதும்

மட்டக்களப்பு வாவி ஓரத்தில் மீன் வளர்ப்பு, இறால் வளர்ப்பு என்று பேச்செடுத்தால், "பிளாங்டன் விட்டால் குஞ்சு தப்பும்" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்கமாட்டார். பிளாங்டன் என்பது தண்ணீரோடு மிதந்து திரியும் நுண்ணிய தாவரமும் உயிரும். எந்தப் பிளாங்டன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். ஒருவர் பச்சைத் தண்ணீரைக் காட்டுவார். இன்னொருவர் டின்னில் வரும் ஆர்ட்டீமியா முட்டையைச் சொல்வார். மூன்றாமவர் வாவியில் வலை இழுத்து வந்து, வாளிக்குள் துள்ளுவதெல்லாம் அதுதான் என்பார். பச்சைத் தண்ணீரில் இருப்பது தாவரம். ஆர்ட்டீமியா உப்பளத்து உயிர். வாளிக்குள் துள்ளுவதில் பாதி குஞ்சைத் தின்னக்கூடியது. கோபெபொட் இவற்றில் எது, அதை எப்படிப் பிரித்து எடுப்பது, எப்படிப் பெருக்குவது என்பதைப் புதிதாகத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறோம்.

பட்டியும் புல்லும்

மாட்டுப்பட்டி வைத்திருப்பவருக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. புல் இருந்தால் மாடு, மாடு இருந்தால் பால். புல்லை நேரே குழந்தைக்குக் கொடுக்க முடியாது. பால் வேண்டுமென்று மாட்டை விற்கவும் முடியாது. இங்கே புல்லின் இடத்தில் இருப்பது நுண் அல்கா, அதாவது கண்ணுக்குத் தனியே தெரியாத ஒற்றைக்கலத் தாவரம். மாட்டின் இடத்தில் கோபெபொட். பாலின் இடத்தில் அது நாளும் ஈனும் குஞ்சுகள். மீன்குஞ்சுக்குப் போகவேண்டியது பெரும்பாலும் இந்தக் கடைசிப் பொருள்தான்.

கோபெபொட் வளர்ப்பு கைகூடவில்லை என்று சொல்வோரில் பலருக்கு உண்மையில் கைகூடாமல் போனது அல்கா வளர்ப்பு. கோபெபொட்டைத் தேடி அலைவதற்கு முன் அல்காப் போத்தல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கோபெபொட் என்பது எது

இறால், நண்டு குடும்பத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர். நாம் கையாளும் இனங்களில் வளர்ந்தது அரை மில்லிமீற்றரிலிருந்து ஒன்றரை மில்லிமீற்றர் வரை இருக்கும். உடம்பு அரிசிமணி வடிவம், நெற்றி நடுவில் ஒரே ஒரு கண், முன்னால் இரண்டு உணர்கொம்புகள் (மீசை என்றாலும் விளங்கும்), பின்னால் பிளந்த வால்.

முட்டையிலிருந்து வருவது நோப்ளியஸ். மூன்று சோடிக் கால்களோடு உருண்டையாக இருக்கும் இந்தப் பருவம் ஆறு படி கொண்டது. ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை ஓடு கழற்றும். அடுத்து வருவது கோபெபொடைற், வளர்ந்ததன் சாயலுள்ள இளம்பருவம். அது ஐந்து படி. அதன்பின் முதிர்ந்த ஆணோ பெண்ணோ ஆகிவிடும், மேலும் ஓடு கழற்றாது. 28 பாகை செல்சியஸ் அளவில், நல்ல தீனி கிடைத்தால், வெப்பவலய இனங்கள் பல 8 முதல் 12 நாளில் முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு வந்துவிடும். நமது ஊர்ச் சூட்டில் ஹீற்றர் தேவையில்லை என்பது பெரிய வசதி.

எவற்றோடு குழம்புகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். மொய்னா குளத்து உயிர், உவர்நீரில் நிலைக்காது. உடம்பை மூடிய ஓடும் கிளைத்த மீசையும் இருக்கும். ரொட்டிஃபர் அதைவிடச் சிறியது, 0.1 முதல் 0.3 மில்லிமீற்றர், தலையில் மயிர்வளையம் சுழலும், கால் கிடையாது. கடற்கரையோரத் தண்ணீரில் அதிகம் ஏமாற்றுவது கொட்டலசு என்னும் பார்னக்கிளின் நோப்ளியஸ். முக்கோண உடம்பின் முன்மூலை இரண்டிலும் கொம்பு நீட்டியிருந்தால் அது பார்னக்கிள். அதை வளர்த்தால் தொட்டிச்சுவரில் ஒட்டிக்கொள்ளும், வேறொன்றும் நடக்காது.

"கோபெபொட் என்றால் மீன்பேன்தானே, அதை ஏன் தொட்டிக்குள் விடுகிறீர்கள்" என்றும் கேட்பார்கள். மீன்மேல் ஒட்டி இரத்தமும் சளியும் உறிஞ்சும் கலிகஸ் போன்றவையும் இதே கூட்டத்தில் அடங்குவன என்பது உண்மை. ஆனால் அல்கா தின்னும் இனம் எத்தனை தலைமுறை போனாலும் மீன்பேனாகாது. நுளம்புக் குடம்பியைத் தின்னும் கோபெபொட் என்று செய்தியில் வருவது நன்னீரில் வாழும் மீசோசைக்ளொப்ஸ். வியட்நாமில் டெங்கு நுளம்பைக் கட்டுப்படுத்த அதைத்தான் பயன்படுத்தினார்கள். நாம் வளர்ப்பவை அந்த வேலைக்கு உதவா. தொட்டியை வலையால் மூடாவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார்.

மீன்குஞ்சுக்கு இது ஏன்

முட்டை பொரித்து வந்த மீனின் முதற்பருவத்தைக் குடம்பி என்போம். இரண்டு, மூன்று நாளில் வயிற்றில் இருக்கும் மஞ்சட்கரு தீர்ந்து வாய் திறக்கும். கொடுவாக் குடம்பியின் வாய் அப்போது ஏறத்தாழ கால் மில்லிமீற்றர்தான் திறக்கும். கலவாய்க் குடம்பிக்கு அதைவிடச் சிறியது. புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா 0.4 முதல் 0.5 மில்லிமீற்றர் இருக்கும். அந்த வாய்க்குள் போகாது. கோபெபொட் நோப்ளியஸ் இனத்தையும் பருவத்தையும் பொறுத்து 0.05 முதல் 0.2 மில்லிமீற்றர் வரை கிடைக்கும். ஒரே தொட்டியில் எல்லா அளவும் இருப்பதால், குடம்பி வளர வளர அதற்கேற்ற அளவும் கூடவே கிடைக்கிறது.

அளவைவிட முக்கியமானது கொழுப்பு. கடல்மீன் குடம்பியின் கண்ணும் மூளையும் வளர டிஎச்ஏ என்னும் கொழுப்பமிலம் கட்டாயம் வேண்டும். அதைக் குடம்பியால் போதிய அளவு தானாக உண்டாக்க முடியாது. ரொட்டிஃபரிலும் ஆர்ட்டீமியாவிலும் அது மிகக் குறைவு. அதனால்தான் அவற்றை மீனெண்ணெய்க் குழம்பில் சில மணிநேரம் வைத்துக் கொடுக்கிறார்கள். அதற்குச் செறிவூட்டல் என்று பெயர். நல்ல அல்கா தின்ற கோபெபொட்டில் டிஎச்ஏ இயல்பாகவே நிறைய இருக்கும். அதில் பெரும்பங்கு பொஸ்போலிப்பிட் என்னும் வடிவத்தில் இருப்பதால், குடல் இன்னும் சரியாக உருவாகாத குடம்பிக்கும் செமிக்கும். போதாததற்கு, நோப்ளியஸ் துள்ளித் துள்ளி நிற்கும் அந்த அசைவே குடம்பியைக் கொத்த வைக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லவேண்டும். கொடுவா மட்டும் வளர்ப்பவருக்குக் கோபெபொட் கட்டாயமில்லை. செறிவூட்டிய ரொட்டிஃபரும் ஆர்ட்டீமியாவும் வைத்தே கொடுவாப் பொரிப்பகங்கள் ஓடுகின்றன. இறால் குடம்பி முதலில் தின்பதும் அல்காவைத்தான். கலவாய், கடற்குதிரை, கடல் அலங்கார மீன் என்று வாய் சிறுத்த இனங்களுக்குப் போகும்போதுதான் கோபெபொட் இல்லாமல் முடியாது என்ற நிலை வருகிறது. தாய்வானில் கலவாய்க் குடம்பிக்காகவே குளங்களில் கோபெபொட் வளர்த்து விற்கிறார்கள்.

இதுவரை சொன்னதில் மனதில் இருக்கவேண்டியவை: வாய்க்குப் போகும் அளவு, டிஎச்ஏ, அசைவு. இவை மூன்றும் நோப்ளியஸில் ஒன்றாகக் கிடைக்கின்றன, அதுவும் அல்கா நல்லதாக இருந்தால் மட்டும்.

பிடிப்பது: எங்கே, எப்போது

உவர்த்தன்மை நிலையாக இருக்கும் கச்சான் காலமே தாய்க்கூட்டம், அதாவது வளர்ப்பைத் தொடங்கும் முதற்கூட்டம், எடுக்க ஏற்றது. மாரியில் வெள்ளம் வந்து முகத்துவாரம் திறந்ததும் வாவித் தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும், இனங்களும் மாறிவிடும். பாலமீன்மடுப் பக்கம், கல்லாற்றுப் பக்கம் என்று கடல் ஏறி இறங்கும் இடங்களை எடுத்துக்கொள்ளலாம். பொத்துவில், கோமாரிப் பக்கத்தவர்கள் தங்கள் களப்பின் கடல்வாய்க்குக் கிட்டவாகப் பார்க்கலாம். வயல் வடிச்சல் விழும் இடத்தை விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து பூச்சிக்குச் செய்வதைக் கோபெபொட்டுக்கும் செய்யும்.

பகலில் சில இனங்கள் அடியில் படிந்து கிடக்கும், இருட்டியபின் மேலே வரும். இறங்குதுறையில் டோர்ச் வெளிச்சத்தைத் தண்ணீர்மேல் கால் மணிநேரம் பிடித்தால் அந்த இடத்தில் திரளும். 100 மைக்ரோமீற்றர் கண்ணுள்ள பிளாங்டன் வலையை மெதுவாக இழுங்கள் (1000 மைக்ரோமீற்றர் ஒரு மில்லிமீற்றர்). வேகமாக இழுத்தால் மீசையும் காலும் முறிந்து, பிடித்ததில் பாதி காலைக்குள் செத்துவிடும். பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இழுவை வேண்டாம்.

கரைக்கு வந்ததும் முதலில் 500 மைக்ரோமீற்றர் வடியில் ஊற்றுங்கள். சொறி எனப்படும் ஜெலிமீன் துண்டு, மீன்குஞ்சு, இறால்குஞ்சு, அம்புப்புழு எல்லாம் மேலே நிற்கும். அம்புப்புழு கண்ணாடிக் குச்சிபோல அசையாமல் கிடந்து திடீரென்று பாயும். ஒன்று தப்பினாலும் கோபெபொட்டைத் தின்று தீர்க்கும். கீழே இறங்கியதை 20 லீற்றர் வாளியில், பிடித்த இடத்துத் தண்ணீரிலேயே, மூடி போட்டு நிழலில் கொண்டுபோங்கள். வாளியை நிறைக்க ஆசைப்படவேண்டாம்; தண்ணீர் கஞ்சிபோல் தெரிந்தால் வீடு போய்ச் சேருமுன் மூச்சடைத்துவிடும்.

மூன்று கூட்டம்

அல்கா தின்னும் கோபெபொட்டுகளில் நமக்கு வேண்டியவை மூன்று பெரிய கூட்டங்களுக்குள் வரும்: கலனொயிட், சைக்ளொபொயிட், ஹார்பக்டிகொயிட். வளர்க்கும் முறை கூட்டத்தைப் பொறுத்தே மாறுவதால், இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். 10 மடங்கு கைவில்லையும், 40 மடங்கு காட்டும் சாதாரண நுணுக்குக்காட்டியும் இருந்தால் வேலை நடக்கும்.

முதலில் உயிரோடு பாருங்கள். வெள்ளைப் பேசினில் கொஞ்சம் ஊற்றி, ஒரு பக்கம் வெளிச்சம் பிடித்து இரண்டு நிமிடம் அசையாமல் வையுங்கள். மீசையை இரு பக்கமும் விரித்துக்கொண்டு நடுத்தண்ணீரில் மிதந்து, தொட்டால் ஒரே பாய்ச்சலில் மறைவது கலனொயிட். ஓய்வில்லாமல் சின்னச் சின்னத் துள்ளலாகப் போவது சைக்ளொபொயிட். அடியிலும் சுவரிலும் நெளிந்து ஊர்வது ஹார்பக்டிகொயிட். பழகியவர்கள் இதிலேயே முக்கால்வாசி முடிவு செய்துவிடுவார்கள்.

அடுத்தது மீசை. பக்கவாட்டில் மடக்கிப் பாருங்கள். கலனொயிட்டின் மீசை உடம்பின் பெரும்பகுதி நீளத்துக்குப் போகும், சிலவற்றில் வால்வரை. சைக்ளொபொயிட்டில் நடுத்தர நீளம். உடம்பின் அகன்ற முன்பகுதியைப் பொதுவாகத் தாண்டாது. ஹார்பக்டிகொயிட்டில் குட்டை, தலையைத் தாண்டுவதே அரிது. கணுக்களும் பத்துக்குள் இருக்கும்.

மூன்றாவது இடுப்பு. கலனொயிட்டில் அகன்ற முன்னுடம்பு சட்டென்று முடிந்து, மெல்லிய வாற்பகுதி கால்கள் எல்லாம் முடிந்தபின் தொடங்கும். சைக்ளொபொயிட்டில் அந்த ஒடுக்கம் ஒரு கணு முன்னதாகவே வரும்; கடைசிச் சோடிக்கால் மெலிந்த பகுதியில் நிற்கும். ஹார்பக்டிகொயிட்டில் இடுப்பென்று ஒன்று பெரிதாகத் தெரியாது, தலையிலிருந்து வால்வரை மெல்ல ஒடுங்கிப் போகும்.

முட்டைப்பையை வைத்து முடிவு செய்கிறவர்கள் பலர். சைக்ளொபொயிட் பெண் இரண்டு பை சுமக்கும், ஹார்பக்டிகொயிட் பெரும்பாலும் ஒன்று, கலனொயிட் ஒன்று அல்லது ஒன்றுமில்லை என்பது பொதுவிதி. ஆனால் சூடோடயப்டோமஸ் என்னும் கலனொயிட் பேரினத்தில் இரண்டு பை சுமக்கும் இனங்களும் உண்டு. ஆகவே பையைக் கடைசிச் சாட்சியாக மட்டும் வையுங்கள். மீசையும் இடுப்பும் சொல்வதை முதலில் நம்புங்கள்.

ஆண், பெண் பிரிப்பதும் மீசையில்தான். பெண்ணைப் பிடித்துக்கொள்ள ஆணின் மீசையில் ஒரு மடிப்புக் கணு இருக்கும். கலனொயிட் ஆணில் ஒரு பக்க மீசை மட்டும், பெரும்பாலும் வலப்பக்கம், அப்படி மடங்கும். சைக்ளொபொயிட்டிலும் ஹார்பக்டிகொயிட்டிலும் இரண்டும் மடங்கும்.

இனப்பெயர் வரை போகவேண்டுமானால் ஐந்தாம் சோடிக் காலைக் கழற்றி வில்லையில் வைத்துப் பார்க்கவேண்டும். அது பழகிய கைக்குரிய வேலை. நான்கு சதவீதப் போர்மலினில் சிறு போத்தலில் போட்டு, இடமும் திகதியும் உவர்த்தன்மையும் எழுதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்து விலங்கியல் துறை போன்ற இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். போர்மலினைத் திறந்த வெளியில் கையாளுங்கள், மூச்சுக்குக் கூடாது.

எதை வளர்ப்பது

கலனொயிட்டின் நோப்ளியஸ் நடுத்தண்ணீரில் மிதப்பதால் குடம்பிக்குச் சிறந்த தீனி. அதற்கு விலையும் உண்டு: நெருக்கம் தாங்காது. மில்லிலீற்றருக்கு ஒன்றிரண்டு முதிர்ந்தவை என்பதே நல்ல தொட்டி. அதற்குமேல் முட்டை குறையும். அகார்ட்டியா பேரினம் முட்டையைத் தண்ணீரில் உதிர்த்துவிடும், உதிர்த்ததைத் தானே தின்றும்விடும். பட்டிமாடு கன்றைத் தின்னாது என்பதால், முன்னே சொன்ன ஒப்பீடு இந்த இடத்தில் உடைகிறது. முட்டை அடியில் படியும், ஆகையால் நாளும் அடியை உறிஞ்சி முட்டையைப் பிரித்துவிட்டால் இழப்பு நிற்கும். சூடோடயப்டோமஸ் பையில் சுமப்பதால் அந்தத் தொல்லை குறைவு; உவர்த்தன்மை 15 பிபிடி (ஆயிரம் பங்கு தண்ணீரில் 15 பங்கு உப்பு) அளவுக்கு இறங்கினாலும் தாங்கும் களப்பு இனங்கள் அதில் இருக்கின்றன. முதன்முதலாகக் கலனொயிட் தொடங்குவோருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான்.

சைக்ளொபொயிட்டில் அப்போசைக்ளொப்ஸ், ஒயிதோனா இரண்டும் கடினமான பிறவிகள். உவர்த்தன்மை ஏறினாலும் இறங்கினாலும் பிழைக்கும், நெருக்கமும் தாங்கும். பிழை விட்டுப் பழகுவதற்கு ஏற்றவை. ஹார்பக்டிகொயிட் (டிஸ்பே, நைட்டோக்ரா போன்றவை) இன்னும் எளிது: அகன்ற தட்டில் ஐந்து சென்ரிமீற்றர் ஆழத் தண்ணீர், ஊர்வதற்குப் பிளாஸ்டிக் வலைத் துண்டு, தீனிக்கு ஒரு சிட்டிகை அரிசித்தவிடு அல்லது ஈஸ்ட். தவிட்டில் டிஎச்ஏ இல்லாவிட்டாலும் இவற்றில் சில இனங்கள் அதைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும். குறை என்னவென்றால் நோப்ளியஸ் அடியிலேயே கிடக்கும். மேலே நீந்தும் குடம்பியின் கண்ணில் படாது. கடற்குதிரைக்கும் கொஞ்சம் வளர்ந்த குஞ்சுக்கும் பொருந்தும்.

தாய்க்கூட்டம் பிரித்தல்

வாவியில் பிடித்ததை அப்படியே குஞ்சுத் தொட்டிக்குள் கொட்டுவதுதான் ஊரில் நடக்கும் மிகப் பெரிய பிழை. காட்டுக் கோபெபொட்டோடு வேட்டைப் பூச்சி, ஒட்டுண்ணி எல்லாம் வரும். இறாலின் வெள்ளைப்புள்ளி வைரசையும் கோபெபொட் சுமந்து வரக்கூடும். ஆகவே பிடித்தவற்றிலிருந்து சிலதை மட்டும் எடுத்து, அவற்றின் பிள்ளைகளைப் பெருக்கி, அந்தத் தலைமுறைகளையே பயன்படுத்தவேண்டும்.

நுனி உருட்டிய கண்ணாடித் துளிகுழாயால் ஒரே சாயலுள்ள முட்டைப்பைப் பெண்கள் 30 அளவில் ஒவ்வொன்றாக எடுங்கள். வடித்த சுத்தமான உவர்நீர் உள்ள மூன்று கிண்ணங்களில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டு எடுத்து, ஒரு லீற்றர் போத்தலில் விடுங்கள். பை சுமக்காத இனமானால் ஆண்களையும் சேர்த்து எடுங்கள். ஒரே மாதிரி மூன்று நான்கு போத்தல் வையுங்கள், ஒன்றாவது பிழைக்கும். பத்துப் பன்னிரண்டு நாளில் பிள்ளைகள் முதிர்ந்ததும் நுணுக்குக்காட்டியில் பார்த்து, வேறு இனம் கலந்த போத்தலைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். கலனொயிட்டுக்குள் ஒரு சைக்ளொபொயிட் தப்பிப் புகுந்தால் சில வாரத்தில் தொட்டி அதன் கைக்குப் போய்விடும்.

நல்ல போத்தலிலிருந்து 5 லீற்றர், அங்கிருந்து 20 லீற்றர் வாளி, பிறகு 200 லீற்றர் பரல். ஒவ்வொரு படியிலும் லீற்றருக்கு 100 முதல் 200 முதிர்ந்தவையாவது இருக்கவேண்டும். அதைவிட ஐதாக விட்டால் ஆணும் பெண்ணும் சந்திக்காமலே நாள் போகும்.

தண்ணீர்

மணலில் வடித்து, முடிந்தால் 5 மைக்ரோமீற்றர் வடிகட்டியிலும் விட்ட கடல்நீரைக் குளோரினால் கிருமி நீக்குங்கள். 200 லீற்றருக்கு 10 பிபிஎம், அதாவது லீற்றருக்கு 10 மில்லிகிராம் என்றால் 2 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீதத் தூளில் அது ஏறத்தாழ 3 கிராம். ஓர் இரவு விட்டு, மறுநாள் முழுக்கக் காற்று ஓடவிடுங்கள். குளோரின் சோதனைத் துளியில் நிறம் காட்டினால், மீந்துள்ள ஒவ்வொரு மில்லிகிராம் குளோரினுக்கும் 7 மில்லிகிராம் சோடியம் தயோசல்பேற். 200 லீற்றரில் 1 பிபிஎம் மீந்திருந்தால் 1.4 கிராம். நிறம் போனபிறகே உயிரை விடவேண்டும். மணம் போய்விட்டது என்பதை நம்பவேண்டாம்.

உவர்த்தன்மை, பிடித்த இடத்தில் அளந்ததே முதல் வாரத்துக்கு. மாற்றவேண்டுமானால் நாளுக்கு 2 அல்லது 3 பிபிடிக்கு மேல் வேண்டாம். மாரி தொடங்குமுன் ஒரு தாங்கி நிறையக் கடல்நீர் வடித்து, குளோரின் போட்டு, வெளிச்சம் படாமல் மூடி வைத்தால், வாவி நன்னீராகிக் கிடக்கும் வாரங்களில் கைகொடுக்கும்.

அல்கா: எது, எவ்வளவு

கலனொயிட்டுக்கு முதல் தெரிவு ஐசோகிறைசிஸ். பொன்பழுப்பு நிறம், 4 முதல் 6 மைக்ரோமீற்றர் கலம், டிஎச்ஏ உண்டு. டெட்ராசெல்மிஸ் பெரிய கலம், கோபெபொட் விரும்பித் தின்னும், ஆனால் டிஎச்ஏ இல்லை. இரண்டையும் கலந்து கொடுப்பது நல்லது. நன்னோக்குளோரொப்சிஸ் எளிதில் வளர்வதால் எல்லோரிடமும் இருக்கிறது. ரொட்டிஃபருக்கு அது சரி. கோபெபொட்டுக்கோ 2 முதல் 4 மைக்ரோமீற்றர்க் கலத்தைப் பிடிப்பது கடினம், டிஎச்ஏயும் கிடைக்காது. தண்ணீர் கரும்பச்சையாக இருந்தும் கோபெபொட் பெருகவில்லை என்ற முறைப்பாட்டுக்கு அடிக்கடி இதுவே காரணம்.

அல்காப் போத்தலுக்கு கில்லார்ட் எஃப்/2 அல்லது கொன்வே என்னும் ஊட்டக்கரைசல். வெளியில் டெட்ராசெல்மிஸ் போன்றவற்றை 1000 லீற்றரில் வளர்ப்போர் அமோனியம் சல்பேற் 100 கிராம், சூப்பர் பொஸ்பேற் 10 கிராம், யூரியா 10 கிராம் என்று போடுகிறார்கள். உரத்தைக் கோபெபொட் தொட்டிக்குள் ஒருபோதும் நேரே போடக்கூடாது. அல்கா நன்றாக விளைந்து உரத்தைத் தின்று முடித்தபின் ஊற்றினால் அமோனியா குறைவு.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது. 20 லீற்றர் வாளியில் மில்லிலீற்றருக்கு 50,000 கலம் வேண்டுமென்றால், மொத்தம் 20,000 மில்லிலீற்றர் பெருக்கல் 50,000, அதாவது 100 கோடிக் கலம். உங்கள் போத்தலில் மில்லிலீற்றருக்கு 50 லட்சம் கலம் இருந்தால் 200 மில்லிலீற்றர் ஊற்றவேண்டும். 200 லீற்றர்ப் பரலுக்கு நாளொன்றுக்கு 2 லீற்றர். புல் எவ்வளவு நட வேண்டும் என்பது இதிலிருந்து தெரியும்.

கலம் எண்ணும் கண்ணாடி இல்லாதவர்கள் வெள்ளை வாளியைப் பார்த்தே நடத்தலாம். மாலையில் இளந்தேநீர் நிறம் காட்டி, காலையில் அது மங்கியிருந்தால் அளவு சரி. காலையில் கண்ணாடிபோல் தெளிந்திருந்தால் இரவு பட்டினி. பட்டினி கிடந்தால் முட்டை நிற்கும். இரண்டு நாளாகியும் நிறம் குறையாவிட்டால் ஊற்றுவதை நிறுத்தி, கோபெபொட் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

காற்றும் அறுவடையும்

எயார் ஸ்டோனைக் கழற்றிவிடுங்கள். அது விடும் நுண்குமிழி காலிலும் மீசையிலும் ஒட்டிக் கோபெபொட்டை மேலே தூக்கிவிடும். வெறும் ரியூப்பின் முனையிலிருந்து செக்கனுக்கு ஒன்றிரண்டு பெரிய குமிழி வந்தால் போதும். நேர்வெயில் வேண்டாம்.

வடிகளை நீங்களே செய்யலாம். நாலங்குல பிவிசி குழாயை 10 சென்ரிமீற்றர்த் துண்டாக வெட்டி, ஒரு முனையில் நைலோன் பிளாங்டன் துணியை இழுத்து ஒட்டுங்கள்: 150, 100, 50 மைக்ரோமீற்றர் மூன்று. ஒரு மில்லிமீற்றர் அளவு இனத்தில் 150 முதிர்ந்தவற்றை நிறுத்தும், 100 கோபெபொடைற்றை, 50 நோப்ளியஸையும் முட்டையையும். உங்கள் இனம் சிறிதானால் ஒவ்வொரு வடியையும் ஒரு படி இறக்கவேண்டும். வடி எப்போதும் பேசின் தண்ணீருக்குள் பாதி அமிழ்ந்திருக்கட்டும். துணிமேல் உலர்ந்து கிடந்தால் ஒரு நிமிடம் போதும், பாதி சாகும்.

நாளுக்கு தொட்டித் தண்ணீரில் கால்பங்கை வடித்து, 150 வடியில் நின்றதைத் திருப்பித் தொட்டிக்கே விட்டு, 50 வடியில் நின்றதைக் குடம்பிக்குக் கொடுங்கள். எடுத்த அளவு புதுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழுதும் வடித்துச் சுத்தத் தொட்டியில் மீண்டும் தொடங்குங்கள்.

சுருக்கமாக: கூட்டத்தை அறிந்து தெரிவு செய்தல், ஒரே இனம், கிருமி நீக்கிய தண்ணீர், பட்டினி போடாத அளவு அல்கா, மெல்லிய காற்று, கால்பங்கு அறுவடை.

எங்கே பிழைக்கும்

அதிகம் அழிப்பது ரொட்டிஃபர். ஒரே பொரிப்பகத்தில் இரண்டும் இருந்தால், ஈரக் கை, ஒரே ரியூப், ஒரு துளித் தெறிப்பு போதும். அது நாளுக்கு நாள் இரட்டித்து அல்காவைத் தின்று தீர்க்கும். கோபெபொட் அறையின் வாளி, ரியூப், வடி எதுவும் வெளியே போகக்கூடாது. காலையில் முதலில் கோபெபொட் வேலை, பிறகே ரொட்டிஃபர் வேலை. கலந்துவிட்டால் முதிர்ந்தவற்றை 150 வடியில் நன்றாகக் கழுவி, சிறு போத்தலிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.

தண்ணீரில் வெண்புகைபோல் நுண்ணுயிர் மொய்த்தாலோ, கோபெபொட்டின் முதுகில் பஞ்சுபோல் எதுவும் முளைத்தாலோ, அடியில் அழுக்குத் தேங்கிவிட்டது என்று பொருள். சிலியேற் என்னும் ஒற்றைக்கல உயிர்கள் அவை. மருந்து தேடவேண்டாம், அடியை உறிஞ்சுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள்.

முதிர்ந்தவை நிறைய, நோப்ளியஸ் இல்லை என்றால் மூன்று காரணம் பாருங்கள்: முட்டையைத் தின்னும் இனமா, அல்காவில் டிஎச்ஏ இல்லையா, நெருக்கம் கூடிவிட்டதா. ஒரே இரவில் எல்லாம் செத்துக் கிடந்தால் பெரும்பாலும் குளோரின் மீதி அல்லது அமோனியா. சிலவேளை பக்கத்து வயலில் மருந்தடித்த காற்று. கரண்ட் போனால் பதற வேண்டியதில்லை. ஐதான கலனொயிட் தொட்டி காற்றில்லாமல் ஓர் இரவைத் தாண்டும், நெருக்கமான சைக்ளொபொயிட் தொட்டிதான் தாண்டாது. அதைக் கரண்ட் போனதும் இரண்டு மூன்று வாளியாகப் பிரித்து வைக்கலாம்.

குடம்பித் தொட்டிக்குக் கணக்கு

1000 லீற்றர் குடம்பித் தொட்டியில் மில்லிலீற்றருக்கு இரண்டு நோப்ளியஸ் வைத்திருக்க 20 லட்சம் வேண்டும். 200 லீற்றர் கலனொயிட் பரலில் மில்லிலீற்றருக்கு ஒரு முதிர்ந்தது என்றால் இரண்டு லட்சம், அதில் பாதி பெண். ஒரு பெண் நாளொன்றுக்குப் பத்து நோப்ளியஸ் தருவதாக வைத்தால் 10 லட்சம். அதையும் முழுதாகப் பிடித்தெடுக்க முடியாது. ஒரு பரலால் ஒரு தொட்டியை முழுக்க நடத்த முடியாது என்பதை இந்தக் கணக்கு தொடக்கத்திலேயே சொல்லிவிடும். மூன்று நான்கு பரல் வைக்கலாம். அல்லது வாய் திறந்த முதல் நான்கைந்து நாளுக்கு மட்டும் கோபெபொட் கொடுத்து, கூடவே ரொட்டிஃபரைச் சேர்த்து, பிறகு அதற்கே மாற்றலாம். இடமும் ஆளும் குறைந்தவர்களுக்கு இரண்டாவது வழியே நடைமுறை.

கொடுத்து ஒரு மணிநேரம் கழித்து ஐந்தாறு குடம்பியை எடுத்து நுணுக்குக்காட்டியில் வையுங்கள். உடம்பு கண்ணாடிபோல் இருப்பதால் குடல் நேரே தெரியும். நோப்ளியஸின் கண்புள்ளி சிவப்பாகவோ கறுப்பாகவோ உள்ளே இருந்தால் தின்றிருக்கிறது. ஆறில் ஒன்றிரண்டுதான் தின்றிருந்தால் நோப்ளியஸ் பெரிதாகிவிட்டதா என்று பாருங்கள், அடுத்த முறை 80 மைக்ரோமீற்றர் வடியில் விட்டு அதற்குக் கீழே இறங்கியதை மட்டும் கொடுங்கள். அடுத்த தீனிக்கு முன் தொட்டியில் மீதி எவ்வளவு என்று எண்ணிவிட்டு, குறைந்த அளவை மட்டும் சேருங்கள். தின்னப்படாமல் மீந்தவை அங்கேயே வளர்ந்து, குடம்பிக்கு ஊற்றும் அல்காவைத் தின்னத் தொடங்கும். அவை கலனொயிட்டானால் தொந்தரவு அவ்வளவுதான். பெரிய சைக்ளொபொயிட் சில, மெலிந்த குடம்பியின் துடுப்பையே கடிக்கும்; அந்தக் கூட்டத்தில் முதிர்ந்தது ஒன்றும் குடம்பித் தொட்டிக்குள் போகாமல் 100 வடியில் தடுத்துவிடுங்கள்.